பம்பாயில் மூன்று தேதிகள்

பம்பாய்க்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரவேண்டிய இடங்களுக்கு ஒரு ஜாபிதா உண்டு. இந்தியா வாசல், மகாலக்ஷ்மி கோயில், சௌபாத்திக் கடற்கரை, தொங்கு தோட்டம், எலிபெண்டாக் குகை - இவ்வளவையும் பார்க்காமல் திரும்பி வந்தவனை ஊரில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். இந்தத் தடவை நான் போயிருந்தபோது இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக, இல்லாத இடங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"இல்லாத இடத்தை எப்படி ஐயா பார்ப்பது?" என்று நேயர்கள் கேட்கலாம். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம்முடைய தேசத்துச் சினிமாவுக்கு மூன்று பிறந்த நாட்கள் உண்டு. 1896-ஆம் வருஷம் ஜூலை 7-ஆம் தேதி, சலனப் படம் முதன்முதலாக இந்திய மண்ணில் காட்டப்பட்டது. 1913-ஆம் வருஷம் மே 3-ஆம் தேதி, இந்தியர் ஒருவர் எடுத்த முதல் முழுக் கதைப் படம் பொதுஜனங்களுக்குக் காட்டப்பட்டது. 1931-ஆம் வருஷம் மார்ச் 14-ஆம் தேதி, படம் வாய் திறந்து பேசிற்று. மூன்றும் நடந்தது பம்பாயில்தான். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதிகள் வரும்போது பத்திரிகைகளில் நாலு வரி வரும்; வானொலியில் ஒரு பழைய பாட்டு வரும்; மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவோம்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உற்சவம் என்று ஒன்று இருந்தால் ஸ்தலம் என்று ஒன்றும் இருக்கத்தானே வேண்டும்? உற்சவப் பத்திரிகையை மட்டும் வருஷா வருஷம் வாசித்துக் கொண்டிருந்தால் போதுமா? ஒரு தடவை ஸ்தலத்துக்கும் போய்வருவோம் என்று தீர்மானித்து, ஒரு மே மாதம் 3-ஆம் தேதி காலையில் மாதுங்காவில் இருக்கும் என் நண்பரின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

நண்பர் நாற்பது வருஷமாகப் பம்பாய்வாசி. விஷயத்தைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மே மாதத்தில் இந்த ஊரில் பகல் வேளையில் தெருவில் அலைகிறவன் ஒன்று போலீஸ்காரன், இல்லாவிட்டால் பைத்தியக்காரன். நீர் போலீஸ்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியும்" என்றார். ஆயினும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். நட்பு என்பது இதுதான்.

முதலில் சென்ற இடம் காலா கோடா. காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. ஏழாம் எட்வர்டு சக்கரவர்த்தி குதிரைமேல் வீற்றிருக்கும் கரிய சிலை ஒன்று இங்கே இருந்தது. 1965-இல் அதைப் பெயர்த்து பைகுல்லா மிருகக்காட்சிசாலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. ஐம்பது வருஷத்துக்குமேல் குதிரை இல்லாத இடத்தைக் குதிரை என்றே ஜனங்கள் அழைத்து வந்தார்கள். 2017-இல் புதிதாக ஒரு கறுப்புக் குதிரையை நிறுத்தினார்கள். அதன்மேல் ஆள் இல்லை. சக்கரவர்த்தி இறங்கிப் போய்விட்டார்; குதிரை மட்டும் திரும்பி வந்துவிட்டது! ஒரு தேசம் எதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அதே வட்டாரத்தில்தான் வாட்ஸன் ஹோட்டல் இருக்கிறது. இப்போது அதற்கு எஸ்பிளனேட் மாளிகை என்று பெயர். 1860-களில் எழும்பிய கட்டடம். தூண், உத்தரம் எல்லாம் வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டி நிறுத்தினார்கள். இந்தியாவில் எஞ்சியுள்ள வார்ப்பிரும்புக் கட்டடங்களில் மிகப் பழமையானது என்று இதைச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அந்நாளில் அங்கே இடம்.

பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28-ஆம் தேதி. அதற்கு ஆறு மாதம் கழித்து, மாரியஸ் ஸெஸ்டியே என்ற அவர்களுடைய ஆள் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பம்பாயில் இறங்கினார். வாட்ஸன் ஹோட்டலில் ஜூலை 7-ஆம் தேதி ஆறு சிறு படங்களைக் காட்டினார். ஸ்டேஷனுக்கு ரயில் வந்து நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து தொழிலாளிகள் வெளியே வருகிறார்கள். ஒரு சுவரை இடித்துத் தள்ளுகிறார்கள். கடலில் குளிக்கிறார்கள் - இப்படிப்பட்ட காட்சிகள். டிக்கட் ஒரு ரூபாய். ஒரு ரூபாய் என்றால் அந்நாளில் கூலிக்காரனுக்குச் சில தினங்களின் வருமானம்.

ஆனால் அந்த அதிசயத்தை ஹோட்டலுக்குள்ளேயே பூட்டி வைக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் நாவல்டி நாடகக் கொட்டகையில் காட்டத் தொடங்கினார்கள். சீக்கிரத்திலேயே நாலணா முதல் இரண்டு ரூபாய் வரை பல வகுப்பு டிக்கட்டுகள் ஏற்பட்டன. கோஷா ஸ்திரீகளுக்குத் தனி இடமும் ஒதுக்கப்பட்டது. துவாரபாலகர்களைத் தாண்டிக்கொண்டு கலை தெருவுக்கு வந்துவிட்டது. பம்பாயில் புகைப்படக் கடை வைத்திருந்த ஹரிச்சந்திர ஸகாராம் பாடவடேகர் என்ற மகாராஷ்டிரர் சீமையிலிருந்து ஒரு காமிராவை வரவழைத்து, 1899-இல் தொங்கு தோட்டத்தில் நடந்த ஒரு மல்யுத்தத்தைப் படம் பிடித்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதன்மை பெற்று 1901-இல் தாய்நாடு திரும்பிய பராஞ்ச்பேக்குப் பம்பாய் அளித்த வரவேற்பையும் அவர் படமாக்கினார். வெள்ளைக்காரர்கள் தங்கள் ரயிலைக் காட்டினார்கள். இவர் நம் பயில்வானையும் நம் பண்டிதரையும் காட்டினார்.

கட்டடத்தின் இப்போதைய நிலைமையை என்னவென்று சொல்வது? ஹோட்டல் என்றோ மூடிப் போயிற்று. அறைகளைத் தடுத்துத் தடுத்து வக்கீல் ஆபீசுகளாகவும் கடைகளாகவும் வாடகைக்கு விட்டார்கள். 2005-இல் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஓர் உயிர் போயிற்று. உலகத்தில் அழியும் அபாயத்திலுள்ள நூறு சின்னங்களின் ஜாபிதாவில் இதுவும் இடம் பெற்றது. 2019-இல் உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். நாங்கள் போனபோது அருகில் நின்ற ஒரு காவற்காரரிடம் நண்பர், "இங்கேதானே முதல் படம் காட்டினார்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார். "படமா? அதற்கு ரீகலுக்குப் போங்கள்; இப்படியே நேரே" என்று அவர் வழி காட்டினார். அவர்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அவருக்கு யார் சொன்னார்கள்?

அங்கிருந்து கிர்காமுக்குப் போனோம். மாடியும் மரத் தாழ்வாரமுமாக நெருங்கி நிற்கும் பழைய வீடுகள், மராத்திப் பலகாரக் கடைகள், தெரு நடுவில் ஓயாத ஜன சமுத்திரம். இந்த கிர்காமில் ஒரு கூடாரக் கொட்டகையில்தான் 1911-இல் துண்டிராஜ் கோவிந்த பால்கே என்ற நாற்பது வயதுக்காரர் கிறிஸ்துவின் சரித்திரப் படத்தைப் பார்த்தார். படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனத்திலோ ராமனும் கிருஷ்ணனும் அயோத்தியும் கோகுலமும் ஓடிக்கொண்டிருந்தன. நம்முடைய கதைகளை நாமே படமாக எடுத்துப் பார்க்கும் நாள் வருமா என்று ஏங்கினார். மறுநாள் மனைவியையும் அழைத்து வந்து அதே படத்தைத் திரும்பப் பார்த்தார்.

ஏங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறவர்கள் நம்மில் பெரும்பாலோர். பால்கே ஆயுள் இன்ஷியூரன்ஸ் பத்திரத்தை அடகு வைத்து 1912-இல் லண்டனுக்குக் கப்பலேறினார். தொழிலைக் கற்று, வில்லியம்ஸன் காமிரா ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். 'ராஜா ஹரிச்சந்திரா' எடுப்பதற்கு எல்லாம் கிடைத்தது. தாராமதி மட்டும் கிடைக்கவில்லை. சினிமாவில் நடிக்க ஸ்திரீகள் யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த ஸாலுங்கே என்ற வாலிபனின் மெல்லிய கைவிரல்களைக் கண்டு, அவனையே தாராமதி ஆக்கினார். இதே ஸாலுங்கே 1917-இல் 'லங்கா தகன'த்தில் ராமனாகவும் சீதையாகவும் இரண்டு வேஷமும் போட்டான்!

1913 மே 3-ஆம் தேதி காரனேஷன் தியேட்டரில் படம் வெளியாயிற்று. தனியாகப் படத்தை மட்டும் காட்டினால் ஜனங்கள் வருவார்களோ மாட்டார்களோ என்று நாட்டியம், ஹாஸ்யம், காலால் செய்யும் வித்தை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டினார்கள். வித்தைக்காரர்களை இன்று யாருக்கும் தெரியாது, ஹரிச்சந்திரன் நின்றுவிட்டான். சூரத்தில் கூட்டம் வராதபோது, 57,000 போட்டோப் படங்கள், இரண்டு மைல் நீளம், எல்லாம் மூன்றே அணாவுக்கு என்று பால்கே விளம்பரம் செய்தாராம். படத்தின் உண்மையான நீளம் சுமார் 3,700 அடி. ஆனால் விளம்பரக்காரர்களின் மைல் எப்போதுமே கொஞ்சம் குட்டையானதுதானே!

இங்கே ஒரு வழக்கும் உண்டு. அதே காரனேஷனில் அதற்கு ஒரு வருஷம் முந்தியே, 1912 மே 18-ஆம் தேதி, தாதா ஸாகேப் தோர்னேயின் 'ஸ்ரீ புண்டலீக்' காட்டப்பட்டிருக்கிறது. அதுவே முதல் படம் என்பது ஒரு கட்சி. அது மேடை நாடகத்தை வெள்ளைக்காரர் ஒருவர் அப்படியே படம் பிடித்து, லண்டனில் கழுவிக் கொண்டுவந்தது. ஆகையால் கணக்கில் சேராது என்பது எதிர்க்கட்சி. வழக்குத் தீரவில்லை. தீர்த்து வைக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் படம்தான். அது இன்று இல்லை.

"சரி, காரனேஷன் எங்கே?" என்று கேட்டேன். நண்பர் ஒரு பாத்திரக் கடைக்காரரைக் கேட்டார். அவர் பக்கத்து மருந்துக் கடையைக் காட்டினார். மருந்துக் கடைக்காரர் வயதான தம் தகப்பனாரைக் கூப்பிட்டார். பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "கொட்டகை இருந்தது என்று என் பாட்டனார் சொல்வார்" என்றார். அன்று மே 3-ஆம் தேதி. உற்சவ தினத்தன்று ஸ்தலத்தைத் தேடி வந்த எங்களுக்குக் கிடைத்த பிரசாதம் அந்த ஒரு வார்த்தைதான்.

மெஜஸ்டிக்கைக் கண்டுபிடிப்பது அத்தனை கஷ்டமாக இல்லை. அதுவும் கிர்காமில்தான் இருந்தது. 1970-களில் கொட்டகையை இடித்துவிட்டு மெஜஸ்டிக் ஷாப்பிங் ஸென்டர் என்று கடைகளைக் கட்டினார்கள். பெயராவது மிஞ்சிற்று. இங்கேதான் 1931 மார்ச் 14-ஆம் தேதி அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. கூட்டத்தை அடக்கப் போலீஸார் வரவேண்டியிருந்தது. நாலணா டிக்கட் கறுப்பு மார்க்கெட்டில் நாலு ரூபாய், ஐந்து ரூபாய்க்கு விலை போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தில் ஏழு பாட்டுகள். பேசக் கற்றுக்கொண்ட அன்றைக்கே நம்முடைய சினிமா பாடவும் ஆரம்பித்துவிட்டது, இன்றுவரை நிறுத்தவில்லை.

அங்கிருந்து வெயிலோடு வெயிலாகக் கென்னடி பாலத்துக்கு நடந்தோம். ரயில் பாதை ஓரத்தில் இருந்த இம்பீரியல் ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. பிற்பாடு அதற்கு ஜோதி ஸ்டூடியோ என்று பெயர். பகலில் ரயில் சத்தம் ஓயாது. ஆகையால் ரயில் அடங்கிய நடு நிசியில், ஒரு மணிக்குமேல் விடிவதற்குள், நடிகர்களின் ஆடைகளுக்கும் ஸாமான்களுக்கும் நடுவில் மைக்கை ஒளித்து வைத்துக்கொண்டு 'ஆலம் ஆரா'வை எடுத்தார்கள். வாட்ஸன் ஹோட்டலில் எல்லோரும் வியந்து பார்த்தது ஊமை ரயிலை. முப்பத்தைந்து வருஷம் கழித்து உண்மை ரயிலின் சத்தத்துக்குப் பயந்து இரவெல்லாம் கண் விழித்தார்கள்!

தமிழர்களாகிய நாம் அந்தப் பாலத்தின்மேல் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். ஏனென்றால் நம்முடைய முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' எடுக்கப்பட்டதும் இரானியின் இந்த இம்பீரியல் ஸ்டூடியோவில்தான். டைரக்டர் எச். எம். ரெட்டி. கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார்; கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்னார். இருவருக்கும் எப்படியோ காதல் உண்டாயிற்று. காளிதாஸன் காலத்துக் கதை முடிந்த கையோடு, காந்தியின் ராட்டினத்தைப் புகழும் பாட்டும் படத்தோடு வந்தது. பொருத்தமா என்று அந்நாளில் யாரும் கேட்கவில்லை. 1931-இல் தமிழ் ஜனங்களின் காதுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு வேறு எது? படப்பெட்டி சென்னை ஸென்ட்ரலுக்கு வந்தபோது, தேங்காய் உடைத்து, பூத் தூவி, ஊதுவத்தி கொளுத்தி, ஸ்வாமி புறப்பாடு போல் ஊர்வலமாகக் கொட்டகைக்கு எடுத்துச் சென்றார்கள் என்பார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி கினிமா ஸென்ட்ரலில் வெளியாயிற்று.

அந்தப் பெட்டி இன்று எங்கே? 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட இல்லை. 'ஆலம் ஆரா'வும் இல்லை. அந்நாளைய நைட்ரேட் பிலிம் சுலபத்தில் தீப்பற்றும். வைத்திருந்தால் தானாகவே மக்கிப் பொடியாகும். அதில் வெள்ளிச் சத்து உண்டு. ஓடி முடிந்த படங்களை வெள்ளிக்காக விற்றுவிடுவார்கள். தேங்காய் உடைத்து வரவேற்ற கைகளே, தராசில் நிறுத்தும் கொடுத்தன.

படம் போனால் தேதியும் ஆட்டம் காண்கிறது. முதல் தெலுங்குப் பேசும் படமான 'பக்த பிரஹ்லாதா' 1931 செப்டம்பர் 15-ஆம் தேதி வெளியானது என்று ஆந்திர நாட்டில் வெகு காலம் ஆண்டு விழாக் கொண்டாடினார்கள். பிறகு பத்திரிகையாளர் ஒருவர் பழைய தஸ்தாவேஜுகளைக் கிளறி, தணிக்கைச் சான்றே 1932 ஜனவரியில்தான் கிடைத்தது, படம் 1932 பிப்ரவரி 6-ஆம் தேதி பம்பாய் கிருஷ்ணா தியேட்டரில் வெளியாயிற்று என்று நிரூபித்தார். அத்தனை வருஷங்களும் தப்பான நாளில் பிறந்த நாள் கொண்டாடியிருக்கிறார்கள். திருத்த முடிந்தது எதனால்? யாரோ ஒருவர் ஒரு காகிதத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததனால்.

மாலையில் மாதுங்காவுக்குத் திரும்பும் வழியில் தாதரில் இறங்கினோம். பால்கே 'ஹரிச்சந்திரா'வை எடுத்த வீடு தாதர் மெயின் ரோட்டில் இருந்தது. இப்போது அது தாதா ஸாகேப் பால்கே ரோடு. வீடு எது என்று நாங்கள் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ரோட்டில் நடக்கும்போது எனக்குப் பால்கேயைவிட அவருடைய மனைவி ஸரஸ்வதிபாயின் ஞாபகம்தான் அதிகம் வந்தது. அந்த அம்மாள் தம் நகைகளை விற்கக் கொடுத்தார். பகலெல்லாம் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார். இரவில் இருட்டறையில் உட்கார்ந்து, பிலிம் சுருளின் ஓரங்களில் துவாரம் போட்டார், படத்தைக் கழுவினார். அந்த அம்மாள் பெயரில் ரோடு ஒன்றும் நான் காணவில்லை.

பால்கே 1944 பிப்ரவரி 16-ஆம் தேதி நாசிக்கில் காலமானார். கடைசி நாட்களில் கையில் காசு இல்லை. 1969 முதல் அவர் பெயரால் சினிமாவுக்கு மிகப் பெரிய பரிசை சர்க்கார் வழங்கி வருகிறார்கள். நாலு சுருளாக இருந்த 'ஹரிச்சந்திரா'வில் முதல் சுருளும் கடைசிச் சுருளும் மட்டும் பூனாவில் 1964-இல் ஏற்பட்ட தேசீய பிலிம் காப்பகத்துக்குக் கிடைத்தன. அவையும் 1917-இல் அவரே மறுபடி எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்று ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள். பி. கே. நாயர் என்ற ஒரு மனிதர் வீடு வீடாக, கிடங்கு கிடங்காக அலைந்து தேடியிராவிட்டால் அதுகூட நமக்கு இல்லை. நாம் தயாரித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மௌனப் படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில.

நண்பர் வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. அவருடைய தாயார் காப்பி கொண்டுவந்து வைத்து, "எங்கே தம்பி போய்விட்டு வந்தீர்கள், இந்த வெயிலில்?" என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், துருப்பிடித்த ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பாட்டுப் புஸ்தகங்கள். தியேட்டர் வாசலில் அந்நாளில் காலணா, அரையணாவுக்கு விற்ற சின்னப் புஸ்தகங்கள். அவருடைய தாயார் சேர்த்து வைத்தவை. மேலாக இருந்தது 'தியாக பூமி'. 1939-இல் வெளியாகி, தேச பக்தியை வளர்க்கிறது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடை செய்த படம் அது. பழுப்பேறிய அட்டை, ஓரத்தில் பென்ஸிலால் ராகத்தின் பெயர் எழுதியிருந்தது.

"புது வீட்டுக்கு மாறும்போது பழைய காகிதக்காரனுக்குப் போடலாம் என்று இவன் கட்டி வைத்திருக்கிறான்" என்றார் அம்மாள், பிள்ளையைப் பார்த்து.

நண்பர் காப்பியைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "எனக்கு என்ன அம்மா தெரியும்? அடுத்த வாரம் போட்டிருப்பேன்" என்றார். பிறகு எழுந்து போய் ஒரு சுத்தமான வேஷ்டித் துண்டைக் கொண்டுவந்து, புஸ்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுக்கத் தொடங்கினார். அம்மாள் ஒவ்வொரு படத்தையும் யாருடன் போய்ப் பார்த்தேன் என்று தம் தாயார் சொல்லியிருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் பெயரையும் வருஷத்தையும் எழுதினேன். முடியும்போது மணி பதினொன்று.

அன்றைய மே 3-ஆம் தேதியை நாங்கள் சரியாகத்தான் கொண்டாடினோம் என்று நினைக்கிறேன். நேயர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். பழைய காகிதக்காரன் தெருவில் கூவும்போது, அதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அப்புறம் அவனைக் கூப்பிடுங்கள்.